காரணம் என்ற கட்டம்

பெண்கள் விடுதி வாசலில் ஒரு நீள நோட்டு கிடக்கும். பிரவுன் அட்டை போட்டு, ஓரத்தில் ஒரு பால்பாயின்ட் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த கட்டங்கள்: வரிசை எண், பெயர், அறை, போகும் இடம், காரணம், போன நேரம், வந்த நேரம், கையொப்பம். கல்லூரி விடுதியில் இருந்த 3 வருடமும் நானும் இதில் எழுதியிருக்கிறேன். சமீபத்தில் தென்காசிப் பக்கம் ஒரு விடுதியில் அதே மாதிரி நோட்டு ஒன்றைப் புரட்டிப் பார்க்க வாய்த்தது. பேனாவின் நூல்கூட மாறவில்லை. காரணம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழாக: ஜெராக்ஸ், சோப்பு, பல்வலி, ஜெராக்ஸ், அக்கா வளைகாப்பு, கோயில், ரீசார்ஜ், ஜெராக்ஸ், கோயில். இத்தனை ஜெராக்ஸ் எடுத்தும் காகிதம் தீராத ஊர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

‘சும்மா’ என்று ஒருத்தியும் எழுதவில்லை. ‘அருவி’ என்றும் யாரும் எழுதவில்லை. பேருந்தில் ஏறினால் கால் மணி நேரத்தில் குற்றாலம்.

குற்றாலம் ‘சும்மா’ வருவதற்கென்றே இருக்கிற ஊர். ஆனி பிறந்து மேற்கே மலையில் மேகம் இறங்கிவிட்டால் மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் வேன்கள் கிளம்பிவிடும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி என்று ஆள்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஈரத்துண்டோடு அலைவார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. கேட்பாரும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் நடுராத்திரி குளித்துவிட்டு, பிரானூர் பார்டருக்குப் போய்ப் புரோட்டாவும் கோழியும் தின்றுவிட்டு, மறுபடி அருவிக்கு வருகிற ஆண்கள் கூட்டத்தைச் சீசனில் தினமும் பார்க்கலாம். இலக்கியத்திலும் இந்த ஊர் ஓய்வின் ஊர்தான். ரசிகமணி டி.கே.சி. இங்கே குடியிருந்தார், ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள், கம்பனும் சாரலும் விருந்துமாகப் பொழுது போனது. அந்தப் பேச்சுகளைப் பற்றி எழுதியவர்கள் அங்கே பரிமாறிய சாப்பாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். சமைத்தவர்கள் அருவிக்குப் போனார்களா என்பதை எழுதவில்லை.

கல்லூரி திறப்பதும் சீசன் தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே சமயம். முதலாண்டு மாணவி டிரங்குப் பெட்டியும் வாளியுமாக வந்து இறங்கும் வாரத்தில் அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்திருக்கும். விடுதி விதிகள் இறுகுவதும் அப்போதுதான். ‘சீசன் கூட்டம், குடிகாரனுக, வெளியே போகவேண்டாம்.’ ஊர் உலகத்துக்கே திறந்திருக்கிற அந்த 3 மாதம், ஊருக்குள் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு அடைத்திருக்கிறது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கிறது மேலகரம். திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். 18ஆம் நூற்றாண்டு நூல். அதில் இரண்டு பெண்கள். வசந்தவல்லி வசதியான வீட்டுப் பெண். தோழியரோடு தெருவுக்கு வந்து பந்தாடுகிறாள். அவள் வெளியே வந்ததற்குக் காரணம் எதுவும் இல்லை, விளையாட வந்தாள், அவ்வளவுதான். உலா வரும் குற்றாலநாதரைப் பார்த்து மையல் கொண்டதும் அவள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு அவள் தூது அனுப்புகிறாள், காத்திருக்கிறாள், குறி கேட்கிறாள். இன்னொருத்தி குறத்தி சிங்கி. மலைமலையாகவும் ஊர்ஊராகவும் திரிந்தவள். அவளைத் தேடி அலையும் கணவன் சிங்கன், கண்டுபிடித்ததும் முதலில் கேட்பது, தனக்குத் தகவல் தராமல் இவ்வளவு காலம் எங்கே இருந்தாள் என்பதைத்தான். பிறகு அவள் உடம்பில் கிடக்கும் ஒவ்வொரு நகையையும் காட்டிக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்கிறான். ரசித்துச் சிரிக்கவேண்டிய பகுதி. பேராசிரியர்கள் வகுப்பில் நடித்தே காட்டுவார்கள். எனக்கு இப்போது அது விடுதி வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வதுபோல் கேட்கிறது. சிங்கி தடுமாறவில்லை. குறி சொல்லப் போயிருந்தேன் என்கிறாள். ஊர் சுற்றியவளிடமும் காரணம் தயாராக இருந்தது. அது தொழில்.

விடுதியைத் திட்டித் தீர்த்துவிடலாம், எளிது. ஆனால் இந்த வட்டாரத்தில் விடுதி செய்த காரியத்தைச் சொல்லாமல் அதைத் திட்ட முடியாது.

1964இல் குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. நடத்தியது குற்றாலநாதர் கோயில் தேவஸ்தானம், இந்து சமய அறநிலையத் துறையின் கீழ். அதற்கு முன்பு நெல்லைச் சீமையில் பெண் கல்லூரிப் படிப்பு என்றால் பெரும்பாலும் பாளையங்கோட்டைதான். அங்கே சாராள் தக்கர் கல்லூரி 1895லேயே வந்துவிட்டது. மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குப் பாளையங்கோட்டை தூரம். கோயிலே கல்லூரி நடத்துகிறது, பெண்கள் மட்டுமே படிக்கிறார்கள், அடிவாரத்திலேயே இருக்கிறது என்றதும்தான் பல வீடுகளில் அப்பாக்கள் சம்மதித்தார்கள். பெண்ணை வெளியே அனுப்பும் வீட்டுக்கு ஒரு பொறுப்பாளி வேண்டியிருந்தது. விடுதி அந்தப் பொறுப்பை ஏற்றது. சுவரும் நேரமும் நோட்டும் அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகள்.

இந்த ஒப்பந்தம் பழையது. சென்னையில் 1910களில் சகோதரி சுப்புலட்சுமி குழந்தை விதவைகளுக்காக நடத்திய இல்லம் எழும்பூரிலிருந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுசுக்கு மாறியது. இன்றைய விவேகானந்தர் இல்லம்தான் அது. அதே கடற்கரைச் சாலையில் 1914இல் ராணி மேரிக் கல்லூரி. தலைமழித்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட சிறுமிகளில் பலர் சுப்புலட்சுமியின் இல்லத்திலிருந்து படித்து ஆசிரியைகளானார்கள். அந்த இல்லம் இல்லையென்றால் அவர்களுக்குப் பள்ளியும் இல்லை, கடலும் இல்லை. ஆசாரமான குடும்பங்கள் அனுப்பச் சம்மதிக்கவேண்டும் என்பதற்காகச் சமையல் முதல் நடமாட்டம் வரை கட்டுப்பாடாக இருக்கவேண்டியிருந்தது. கதவையும் தாழ்ப்பாளையும் ஒரே தச்சர்தான் செய்தார்.

கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் தெருவில் நடந்தால் திண்ணைக்குத் திண்ணை மடியில் சொளவோடு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். கடையிலிருந்து இலையும் தூளும் நூலும் வரும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஊறவைத்து வெட்டிய இலையில் தூள் வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றுவதற்கு ஒரு பீடிக்கு நொடிக்கணக்குதான். தினமும் பஸ்ஸில் போய்வரும் மாணவி சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் எண்ணிக்கை குறைந்திருக்கும். அவளும் உட்காருவாள். ‘ஏட்டி, ரெண்டு கட்டு மட்டும் சுத்திக் குடுத்திட்டுப் படி.’ விடுதியில் இந்த ‘மட்டும்’ கிடையாது. ஒரு தாய் என்னிடம் சொன்னார்: ‘ஹாஸ்டல்ல விட்டா பிள்ளை படிக்கும். வீட்ல கெடந்தா எனக்கே அவள வேலை ஏவாம இருக்க முடியாது.’ அதே தாய் சேர்க்கையன்று கேட்ட முதல் கேள்வி, ‘ஆறு மணிக்குக் கேட்டை அடைச்சிருவாங்கல்லா?’

ஆகவே விடுதியில் இருப்பவளுக்குக் கிடைப்பது வீட்டைவிடப் பெரிது. தனி டேபிள் லைட், மதியத் தூக்கம், யாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுக்கத் தேவையில்லாத ஒரு சாயங்காலம். அந்தச் சாயங்காலத்தை அவள் சுவருக்குள்ளேயே செலவழிக்கவேண்டும் என்பதுதான் விலை.

2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. முன்பு தாலிக்குத் தங்கம் என்று கல்யாணத்துக்குக் கொடுத்த உதவி, படிப்புக்கு மாறியது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலேயே தொடர்வது பொருத்தம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில், 2021–22 அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, நாடு 28.4இல் இருக்கும்போது தமிழ்நாடு 47. கையில் பணம், டிக்கெட் இல்லாத பஸ், கல்லூரியில் இடம் எல்லாம் வந்துவிட்டன. கட்டணமில்லாத அந்தப் பஸ்ஸில் ஏறப் போகும் பெண் முதலில் நோட்டில் காரணம் எழுதிவிட்டுப் போகிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது? பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் 2014 ஜூனில் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, அதே ஆண்டு தமிழ்நாடு அரசு விடுதிகளுக்கென்று ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கவேண்டும், பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். தேவையான சட்டம், சந்தேகமில்லை. உரிமம் இல்லாமல் மாடியில் தகரம் போட்டுக் கட்டில் வரிசை போட்டவர்கள் பயந்தார்கள். ஆனால் அதன் பெயர் என் கண்ணை உறுத்துகிறது. பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள். 6 வயதுச் சிறுமியும், 22 வயது எம்.எஸ்ஸி. மாணவியும், 35 வயது வங்கி அலுவலரும் ஒரே தலைப்பில். 22 வயது ஆண் அந்தத் தலைப்பில் இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பாலியல் தொல்லைத் தடுப்புக்காக வெளியிட்ட 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் நேர்மாறாக ஒரு வரி இருக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாரபட்சமான விதிகளை மாணவியர் விடுதிகளில் போடக்கூடாது. நாடு முழுக்க உயர்கல்வி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் விதி அது. எத்தனை வார்டன்களுக்குத் தெரியும் என்று கேட்டால், நான் பேசிய மூவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் பிறகு நேர்மையாகச் சொன்னார்: ‘தெரிஞ்சாலும் என்ன மேடம், ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை வரலைன்னா அந்த வீட்டுக்காரங்க யுஜிசிக்கா போன் போடுவாங்க?’ அவர் சம்பளம் என்னவென்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்கவேண்டும். இருநூறு பெண்களுக்கு ஒருத்தியாக, விடுதியிலேயே ஒரு அறையில் குடியிருந்து, தன் பிள்ளையையும் அங்கேயே வைத்து வளர்க்கும் பெண் அவர். கேட்டைப் பூட்டிய பிறகு அவரும் உள்ளேதான்.

2015இல்தான் டெல்லியில், ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் மாணவியருக்கு இருந்த தாமத அனுமதியை ரத்து செய்ததிலிருந்து ‘பிஞ்சரா தோட்’ இயக்கம் கிளம்பியது. கூண்டை உடை என்று பொருள். டெல்லி நமக்கு எட்டாத தூரம். கேரளம் அப்படி இல்லை. செங்கோட்டை தாண்டிப் புளியரை சோதனைச் சாவடியைக் கடந்தால் ஆரியங்காவு. இங்கே சாரலாக விழும் அதே மேகம் அங்கே மழையாக விழுகிறது. திருச்சூர் ஸ்ரீ கேரள வர்மா கல்லூரி விடுதி மாணவியர் முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குப் போகக்கூடாது, அரசியல் கூட்டத்துக்குப் போகக்கூடாது என்ற விதிகளை 2019இல் கேரள உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. அதே ஆண்டு செப்டம்பரில், விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை செல்போன் தடை என்ற விதியை எதிர்த்து வெளியேற்றப்பட்ட கோழிக்கோட்டு மாணவியின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவதும் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று தீர்ப்பு வந்தது. 2022இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவியர் இரவு ஒன்பதரைக் கெடுவை எதிர்த்துப் போனார்கள். விடுதிகள் இரவு வாழ்க்கைக்கான சுற்றுலா இல்லங்கள் அல்ல என்று சுகாதாரப் பல்கலைக்கழகம் வாதாடியது. நீதிபதி தேவன் ராமச்சந்திரன் கேட்டுக்கொண்டே வந்த கேள்வி எளிமையானது: பெண்களை மட்டும் ஏன் பூட்டுகிறீர்கள்? அந்த டிசம்பரில் மாநில அரசு ஆண், பெண் இரு விடுதிக்கும் ஒரே விதி என்று ஆணை மாற்றியது.

சுற்றுலா இல்லமா, வீடா என்ற கேள்வி இங்கேயும் வேறு வேடத்தில் வந்தது. பெண்கள் விடுதிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்ற வழக்கில், 2024 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் விடுதி என்பது அங்கே தங்குபவருக்கு வசிப்பிடம், லாட்ஜ் அல்ல என்று தீர்ப்பளித்தது. வரிக் கணக்கில் விடுதி வீடாகிவிட்டது. சாவி யாரிடம் என்பது வழக்கில் வரவில்லை.

மேற்கத்திய நாடுகளில் இதெல்லாம் இல்லை என்று நினைக்கவேண்டாம். 1960கள் வரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவியர் விடுதி வாசலில் இதே நோட்டு இருந்தது. எங்கே போகிறாய், யாரோடு, எப்போது திரும்புவாய். கல்லூரி பெற்றோரின் இடத்தில் இருக்கிறது என்பது அங்கே சட்டக் கோட்பாடாகவே இருந்தது. அது ஆட்டம் கண்டது பெண்கள் விடுதி வழக்கில்கூட இல்லை. இனப் பாகுபாட்டை எதிர்த்துப் போராடியதற்காக அலபாமாவில் கருப்பின மாணவர்களைக் கல்லூரியிலிருந்து நீக்கியபோது, விசாரிக்காமல் நீக்க முடியாது என்று 1961இல் வந்த தீர்ப்பில் முதல் கல் உருண்டது. மாணவர் பிள்ளையல்ல, குடிமகன் என்றானதும், நோட்டும் ஒருநாள் போயிற்று.

நம் ஊர் விஷயத்தில் ஒன்றை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆறு மணிக் கேட்டு, தெருவில் நிற்கும் குடிகாரனுக்காக மட்டும் அடைக்கப்படுவதில்லை. குடிகாரனைவிடப் பெற்றோர் அஞ்சுவது, குடிக்காத, நன்றாகப் படிக்கிற, வேறு சாதிப் பையனை. தென்மாவட்டத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘காலம் கெட்டுக் கெடக்கு’ என்பார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் சாதி தாண்டிய காதலின் பேரில் ஒரு இளம் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, அந்த வாக்கியத்தின் பொருள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். விடுதி வாசல் நோட்டு சாதியின் எல்லையையும் சேர்த்துக் காக்கிறது. அதனால்தான் விளக்குக் கம்பம் போட்டால், போலீஸ் ரோந்து வந்தால் கேட்டு திறந்துவிடும் என்று நினைப்பது பாதி உண்மை. அந்தப் பாதியும் வேண்டும்தான்.

வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம். தென்காசி வ.உ.சி. நூலகத்தில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் டீ, பழைய வினாத்தாள், யார் எந்தக் கட்-ஆஃபில் தப்பினார்கள் என்ற பேச்சு. பாதிப் படிப்பு அந்தப் பேச்சில்தான் நடக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்குப் பெண்கள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்குவார்கள். குரூப் டூ என்ன குரூப் ஃபோர் என்ன, வினாத்தாள் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவருக்குத் தினமும் இரண்டு மணி நேரம் குறைவு. மாதத்துக்கு அறுபது மணி. ஆண்கள் விடுதியிலும் பதிவேடு உண்டு, போய்ப் பார்த்தேன். மூன்று வாரமாக யாரும் எழுதவில்லை. மேலே ஒரு டம்ளர் வைத்து வட்டக் கறை பிடித்திருந்தது.

மும்பையில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் ஆய்வு செய்து 2011இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். நகரத்தில் பெண்கள் எங்கே எப்படி நடக்கிறார்கள் என்று கவனித்தால், எல்லாரும் எங்கோ போவதுபோலவே நடக்கிறார்கள். கையில் பை, காதில் போன், முகத்தில் அவசரம். காரணமில்லாமல் நிற்கும் உரிமையைத்தான் அவர்கள் கேட்டார்கள். அது ஒரு பெருநகரத்துச் சொகுசு என்று முன்பு எனக்குத் தோன்றியது. தென்காசிப் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தபிறகு அப்படித் தோன்றவில்லை. டீக்கடை பெஞ்சு முழுக்க ஆண்கள். கழிப்பறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு தாயும் மகளும். கல்லூரிப் பெண்கள் நால்வர் பஸ் வராத திசையைப் பார்த்துப் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் நின்றிருந்தார்கள். மூன்று குற்றாலம் பஸ் போய்விட்டது. அவர்கள் ஏறவில்லை. பேசிக்கொண்டிருந்தார்கள்.

நோட்டில் அடிக்கடி வந்த ‘கோயில்’ என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். எந்த வார்டனும் மறுக்காத காரணம் அது. வெள்ளிக்கிழமை, பிரதோஷம், பரீட்சைக்கு முந்தின நாள். தென்காசிக்காரர்களுக்குக் காசி விசுவநாதர் கோயில். கோபுர வாசலில் எந்நேரமும் காற்று அள்ளும், அங்கே நின்று முடி கலைவது ஒரு சுகம். குற்றாலத்துக்காரர்களுக்குக் குற்றாலநாதர். அவர் குடியிருப்பது பேரருவிக்குப் பக்கத்தில். பிராகாரத்தில் நின்றாலே தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். தண்ணீர் கனத்து விழும் நாளில் காற்றடித்தால் சாரல் முகத்தில் படும்.

பெண்கள் குளிக்கும் பக்கத்தில் தடுப்புக்கு இந்தப்புறம், கால் மட்டும் நனைக்கலாம் என்று வந்த மூன்று பேரை ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தேன். நெற்றியில் திருநீறு, கையில் தேங்காய் மூடி போட்ட பாலிதீன் பை. கால் மட்டும் என்று தொடங்கியது கொஞ்ச நேரத்தில் தலைவரை போயிற்று. நைட்டியோடும் புடவையோடும் குளித்துக்கொண்டிருந்த அம்மாக்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். பத்து நிமிடம் இருக்கும். வெளியே வந்து கடைத்தெருப் பக்கம் வெயில் விழும் ஒரு சுவரோரமாக மூவரும் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் பின்னலை அவிழ்த்துத் துப்பட்டாவால் பிழிந்தாள்.

‘மணி என்னளா?’

‘அஞ்சு பத்து.’

‘காஞ்சிருமா?’

‘சுடிதார் காஞ்சிரும். தலதான் காயாது. மழைல நனைஞ்சிட்டோம்னு சொல்லு.’

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேகம் மலையோடு நின்றிருந்தது.